சீதேவியின் ஒன்பது படங்கள்

அந்த நெட்டையனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, 'வினாயகமூர்த்தி அண்ணாவியார் கதையை ஒரு பக்கமாய் இழுக்கிறார்' என்று யாரும் குறை பிடிக்கக் கூடாது. ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணிக்கு அவன் என் வீட்டுக்குள் வந்தான். டீவிக்குள்ளால்தான் வந்தான். வந்தவன் தலைமயிரைச் சிலுப்பி, கிற்றாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, யாரோ காலை மிதித்த மாதிரிக் கத்துவான். என் மனிசி சீதேவிப்பிள்ளை கதிரையின் நுனிக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கலியாணம் முடித்த இந்த முப்பது வருடத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றுத் துறையடிக்குப் போய்விடுவேன்.

என் வீடு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் படுவான்கரையில், ஆற்றுக்கு மேற்கே உள்ள ஊர்களில், வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு மனிசி வீட்டுக்குப் போவான். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் நான், ஒரு பெட்டியோடும் ஒரு மத்தளத்தோடும் போனேன். 2007 சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது அந்த வீடு செல்லடிபட்டது. திரும்பி வந்து பார்த்தால் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. கிணறு மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றது. சீதேவி அழவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வளவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"தனுஷியாவுக்கு ஒரு வீடு வேணும்" என்றாள்.

எங்கள் மகள் தனுஷியாவுக்கு அப்போது எட்டு வயது. அடுத்த வருடமே சீதேவி சைப்பிரசுக்குப் பிளேன் ஏறிவிட்டாள், ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு. போக வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அவளுடைய வீடு, அவளுடைய மகளின் வீடு, அவளுடைய முடிவு என்று பேசாமல் நின்றேன். பஸ்சில் ஏற்றிவிட்டு வந்து மத்தளத்தை எடுத்து அடித்தேன். வார் அறுந்தது.

பதினொரு வருடம். நடுவில் இரண்டு தரம் வந்து போனாள். முதல் தரம் வந்தபோது அத்திவாரத்தைப் பார்த்தாள், இரண்டாம் தரம் கூரையைப் பார்த்தாள். பிள்ளையை நான்தான் வளர்த்தேன். காலையில் வட்டைக்குப் போய் வயலைப் பார்ப்பேன், வந்து சோறு ஆக்குவேன், இரண்டு பின்னல் பின்னிப் பள்ளிக்கு அனுப்புவேன். மத்தளம் அடிக்கிற விரலுக்குப் பின்னல் போடுவது பெரிய வேலையில்லை, ஆனால் நேர்வகிடு எடுக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பள்ளியில் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். தனுஷியா அதை எனக்குச் சொன்னதேயில்லை.

2019 இல் சீதேவி ஒரேயடியாக வந்துவிட்டாள். மூன்று வருடத்தில் மகளுக்குக் கலியாணம். முன்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் பின்னால் சமைக்கிற குசினியோடு சேர்ந்த இரண்டு அறைக்குப் போனோம். ஊர் வழக்கம் அதுதான். பதினொரு வருடம் உழைத்துக் கட்டிய வீட்டில் அவள் மூன்று வருடம்தான் படுத்தாள் என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. அவளுக்கு அப்படி ஒன்றுமில்லை. கிழமை நாட்களில் காலையில் பதினைந்து சாப்பாட்டுப் பார்சல் கட்டிப் பள்ளிக்கூட ஆசிரியர்மாருக்கு அனுப்புவாள். மருந்துப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அயலில் யார் கேட்டாலும் வாசித்துச் சொல்லுவாள். அந்த இங்கிலிசு எங்கே படித்தது? எல்லாம் அந்தப் படங்களில் படித்ததுதான்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வந்த அன்று சூட்கேசைத் திறந்தால், துவாய்களுக்கு நடுவில் ஒன்பது டீவிடி. அந்தச் சைப்பிரஸ் மேடம் கொடுத்துவிட்டது. மேடம் இளந்தாரிப் பெண்ணாக இருந்த காலத்தில் உலகம் முழுக்கப் பேர்போன ஒரு ரொக் இசைக்குழு இருந்ததாம். அதன் பெயர் என் நாக்குக்குள் நிற்காது. சீதேவி 'நாலு பேர்' என்றுதான் சொல்லுவாள். அதில் முன்னுக்கு நின்று கத்துகிறவன்தான் நெட்டையன். அந்த நாலு பேரும் சேர்ந்து நடித்த படம் இரண்டு. பிறகு குழு உடைந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய் நடித்த படம் ஏழு. ஒருவன் பாதிரியாராக வருவான், ஒருவன் கள்ளனாக வருவான். ஏறாவூரில் போன் கடை வைத்திருக்கிற றுமைஸ் தம்பி எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தான். அவனும் எனக்கு எதிரிதான்.

இப்படியே போயிருக்கும். போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மேடத்தின் மருமகள் வாட்சப்பில் பேசி அனுப்பியிருந்தாள். மேடத்துக்கு எண்பத்தெட்டு வயதாகிவிட்டது. பார்த்துக்கொள்ள வேறு ஒரு பிள்ளை இருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் கிழவி அவளைக் கிட்டே விடுவதில்லை, 'சீதா எங்கே, சீதா எங்கே' என்று கேட்கிறாளாம். வேலை ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா கூட இருந்தால் போதும், விசா எடுத்து அனுப்புகிறோம், இரண்டு வருடம், வருகிற ஞாயிறு முடியுமுன் பதில் சொல் என்று கேட்டிருந்தாள்.

சீதேவி அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். அடுத்த நாள் பதினைந்து பார்சலுக்கும் கறியில் உப்பில்லை. ஆறு வருடத்தில் முதல் தரம். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. உப்பை மறக்கிற பெண்ணில்லை அவள்.

வியாழக்கிழமை காலை அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"போகப் போறியா?"

"தெரியா."

"தெரியா எண்டா?"

"தெரியா எண்டா தெரியா. ஞாயிறுக்குத்தானே சொல்லோணும்."

"வீடு கட்டியாச்சு, புள்ளையையும் குடுத்தாச்சு. மறுகா என்னத்துக்குகா போகப் போறாய்? காசுக்கா?"

துருவுவதை நிறுத்தினாள். "காசுக்கில்ல. அங்க பக்கத்தில இருந்து படம் பாக்க ஒரு ஆள் இரிக்கி. இஞ்ச ஆர் இரிக்கா? ரெண்டு மணியானா நீங்க துறைக்குப் போயிருவீங்க. ஆறு வருசமா நான் தனியத்தானே சிரிக்கன்."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் பேசாமல் இருக்கத் தெரியாத ஆள் நான். "அந்த நெட்டையன் தலைய ஆட்டுறதப் பாக்க நானும் இரிக்கோணுமோ?" என்று கத்தினேன்.

"நெட்டையனா?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தேங்காயைத் துருவத் தொடங்கிவிட்டாள்.

முன்வீட்டு விறாந்தையில் தனுஷியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, போக வேணாமெண்டு வாயத் தொறந்து சொல்லுங்களன்."

"சொன்னா உங்கம்மா கேப்பாவா?"

"கேக்கிறா, கேக்காம விடுறா. நீங்க முந்தியும் சொல்லல்லயே" என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடி மத்தளத்தின் நடுக்கண்ணில் விழுந்தது.

அன்றும் மறுநாளும் வயலில் நின்று யோசித்தேன். வேறு ஊர்க் கூத்துக்காரன் போட்டிக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? முதலில் போய் அவன் ஆட்டத்தைப் பார்ப்போம். எங்கே மிதிக்கிறான், எங்கே பிசகுகிறான் என்று பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் ஆட்டத்தைக் கட்டுவோம். ஆறு வருடமாக எதிரியின் ஆட்டத்தைப் பார்க்காமலே நான் கூத்தாடும் களரியை விட்டு ஓடியிருக்கிறேன். என்ன மடத்தனம்!

ஞாயிறு இரண்டு மணிக்கு நான் சேட்டுப் போட்டுக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தேன். சீதேவி கச்சான் கடலைக் கோப்பையோடு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"சுகமில்லையா?"

"ஏன், நான் படம் பாக்க ஒண்ணாதா? போடு, பாப்பம்."

போட்டாள். நாலு பேரும் கடற்கரை விடுதி ஒன்றில் பொலிசுக்குத் தப்பி ஓடுகிற படம். பத்து நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது. நாலு பேருக்கும் ஒரே கறுப்புச் சட்டை. ஒருவன் கதவால் போவான், இன்னொருவன் யன்னலால் வருவான். "இவன் ஆரு? முந்தி வந்தவனா? இவன் தாடி வச்சிருந்தானே?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னிலும் பிழையில்லை. எங்கள் கூத்தில் யாரும் இப்படிக் கள்ளன் மாதிரி நுழைவதில்லை. ஒவ்வொருவரும் களரிக்கு வரும்போது வரவு பாட்டு உண்டு. நான் இன்னார், இன்ன நாட்டு ராசா, என் குணம் இது என்று ஆடிப் பாடிக் காட்டிவிட்டுத்தான் கதை தொடங்கும். பார்க்கிறவன் திண்டாடத் தேவையில்லை.

"வரவு இல்லாத கூத்து என்ன கூத்து?" என்று சலித்துக்கொண்டேன்.

சீதேவி படத்தை நிறுத்தினாள். எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "சரி, பாட்ட நான் குடுக்கன். நீங்க அடிங்க" என்றாள்.

எங்கள் ஊர்க் களரியில் பெண்கள் ஆடுவதில்லை. ஆனால் கூத்துப் பழகுகிற வாசலில் சோறு கறி கொண்டு வந்து நின்று நின்றே எல்லா வரவும் அவர்களுக்கு மனப்பாடம். நான் கதிரைக் கையில் தாளம் போட, அவள் டீவிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கையை வீசினாள்.

"வந்தானே வந்தானே நெட்டையன் வந்தானே,
வாசல் நிலையிலே நெற்றியை இடித்தானே!"

நான் சிரித்துவிட்டேன். தாளம் பிசகியது. 'சிரிக்காம அடிங்க' என்று கண்ணால் அதட்டிவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.

"வந்தானே வந்தானே தாடிக்காரன் வந்தானே,
தாடிக்கு உள்ளேயே பாட்டைத் தொலைத்தானே!

வந்தானே வந்தானே கண்ணாடி வந்தானே,
கண்ணாடி கழற்றினால் தன் காலைத் தேடுவானே!"

நின்ற நிலையில் என்ன பாட்டுக் கட்டுகிறாள்! என் மனிசிக்கு இப்படி ஒரு கெட்டித்தனம் இருக்கிறது என்று முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. பிறகு அவள் கொஞ்சம் நின்றாள். கையை வீசுவதை விட்டுவிட்டு, முந்தானையைச் சரிபண்ணி, மெல்லப் பாடினாள்.

"வந்தாரே வந்தாரே மேளக்காரர் வந்தாரே,
வாசலில் நின்றவளை இருக்க வைத்தாரே."

கதிரைக் கையில் என் விரல் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கூத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சின்ன ஆட்கள் முதலில் வருவார்கள். பெரிய ராசா கடைசியில்தான் வருவார். முன்னுக்கு நின்று குதிக்கிறவனும் கத்துகிறவனும் பெரிய ஆளில்லை. இது கூத்துப் பழகுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணாவியார் என்று பெயர் வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. முன்னுக்கு நின்று கத்துகிறவன் என்று நெட்டையனை ஆறு வருடம் திட்டியிருக்கிறேன். அந்தப் பாவி ஒரு பிழையும் செய்யவில்லை.

"இவன ஏன் கடைசியா விட்டாய்?" என்று கேட்டேன்.

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே அண்ணாவியார்."

திரையில் நின்றுபோன படத்தைப் பார்த்தேன். மூன்று பேருக்குப் பின்னால், ஒரு குட்டை மனிசன். காது இரண்டும் விசிறி மாதிரி. ரொக் குழுவில் மேளம் அடிக்கிறவன். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. மத்தளக்காரன் வீட்டுக்குள்ளேயே இன்னொரு மேளக்காரனா!

"வாசலில நிண்டவளை எண்டு என்னமோ பாடினாய். ஆரு அது?"

அவள் கதிரையில் இருந்தாள். "நான்தான். அங்க போன முதல் மூணு மாசமும் மேடம் படம் பாக்கக்குள்ள நான் தேத்தண்ணித் தட்டோட வாசலில நிப்பன். வேலைக்கு வந்தவ இரிக்க ஒண்ணாதெண்டு ஏஜன்சியில சொல்லித்தந்தவங்க. ஒரு ஞாயித்துக்கிழமை இவர்ர படம் ஓடிச்சு. என்னை அறியாமச் சிரிச்சிட்டன். மேடம் படத்த நிப்பாட்டிற்றுத் திரும்பிப் பாத்தா. ஏசப் போறா எண்டு பயந்துட்டன். சோபாவில தன்ர பக்கத்துக் குசனைத் தட்டினா. இரி எண்டா. அண்டு தொடக்கம் பதினொரு வருசமும் நான் நிக்கல்ல. மத்த ஊர்ப் புள்ளைகளெல்லாம் ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் போவாளுகள். நான் போக மாட்டன்."

இதை அவள் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அந்தப் படத்தப் போடு" என்றேன்.

அது நாலு பேரின் படமில்லை. மேளக்காரன் தனியே நடித்தது. ரயில் கேற்றுக் காவலாளியாக வருகிறான். தண்டவாளத்துப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு, அவனும் மனிசியும். சண்டையில்லை, பாட்டில்லை, மேளமும் இல்லை. ரயில் வரும், கேற்றை மூடுவான், ரயில் போகும், திறப்பான். சீதேவி கதையை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ஆள் சாப்பாட்டு மேசையில் வந்து இருக்கிறான். மனிசி அடுப்படியில் நிற்கிறாள். இவன் மேசை விளிம்பில் விரலால் தட்டுகிறான்.

என் காது நிமிர்ந்தது.

தக திமி தகிட. ஏழு தட்டு. அடுப்படியிலிருந்து அவன் மனிசி அகப்பையால் சட்டி மூடியில் ஒரு தட்டு. எட்டு. அவ்வளவுதான், அவள் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறாள், கதை வேறெங்கோ போகிறது. சும்மா பார்க்கிறவனுக்கு அது சட்டிச் சத்தம். தொழில்காரன் காதுக்கு அது சட்டிச் சத்தமில்லை. இவன் வேண்டுமென்றுதான் எட்டாவதை விடுகிறான், அவள் கொடுப்பாள் என்று. பார்க்கப் பார்க்க இன்னும் இரண்டு இடத்தில் அதே ஏழு, அதே ஒன்று.

பாதிப் படத்தில் மனிசி நோயில் செத்துப் போனாள். அவன் அழவில்லை. கேற்றை மூடினான், திறந்தான். வீட்டுக்குள் வந்து மேசையில் இருந்தான். விரல் தட்டியது. ஏழு. பிறகு ஒன்றுமில்லை. அவன் அடுப்படிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. விரலை மேசையிலேயே வைத்துக்கொண்டு இருந்தான்.

"நிப்பாட்டு" என்றேன். "கொஞ்சம் பின்னுக்கு எடு."

"என்ன, விளங்கல்லயா?"

"விளங்கிற்று. நீ கேள்." ஏழையும் எண்ணிக் காட்டினேன். எட்டாவது இடத்தில் கையை விரித்துக் காட்டினேன். பிறகு படத்தை முன்பாதிக்குப் போகச் சொல்லி, அகப்பைத் தட்டைக் காட்டினேன். "இது அவளிட தட்டு. அவள் போனாப் பொறகு அந்த இடத்த இவன் சும்மா விடுறான். தானும் நிரப்பல்ல. நிரப்ப அவனுக்கு ஒரு நொடி வேலை. அவன் மேளக்காரனெல்லுவா."

சீதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"மேடம் இவடத்திலதான் அழுவா" என்றாள். "ஒவ்வொரு தரமும் சரியா இவடத்தில. அவட புருசன் செத்து இருவது வருசமாம். ஏன் அழுறீங்க எண்டு கேட்டா சொல்ல மாட்டா. எத்தினை தரம் பாத்திருப்பன்! எனக்கு ஒண்ணும் கேக்கல்லயே."

"உனக்குக் கேட்டுத்தான் இருக்கும். எண்ணல்ல, அவ்வளவுதான்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆறு வருடம் தள்ளி வந்தாலும் அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்று இருந்ததே.

அவள் படத்தைத் திரும்பப் போடவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நான் முதல் தரம் இவரப் பாத்து ஏன் சிரிச்சன் எண்டு தெரியுமா? மேசையில தட்டினார். சோத்துக் கோப்பை வரும்வரைக்கும் நீங்க பலகையில தட்டுவீங்களே, அதே தட்டு. இரி எண்டாப் பொறகு மேடம் கேட்டா, என்ன சிரிப்பு எண்டு. எனக்கு அப்ப இங்கிலிசும் தெரியா. என்ர புருசன், என்ர புருசன் எண்டு சொல்லிச் சொல்லி மேசையில தட்டிக் காட்டினன். பதினொரு வருசமும் நான் ஆரப் பாக்கிறதுக்கு இந்தப் படத்தப் பாத்தன் எண்டு நினைச்சீங்க?"

பதினொரு வருடம் கடலுக்கு அங்கால் என்னை ஒருத்தி கிழமைக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறு வருடம் அவளுக்குப் பக்கத்து அறையில் இருந்த நான், என்னைப் பார்த்து நானே பொறாமைப்பட்டு, துறையில் போய்க் குந்தியிருக்கிறேன். நாசமாய்ப் போக என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நான் மனிசனில்லை.

"போகாத சீதேவி" என்றேன். "நீ போக வேணாம். நான் இரிக்கன். ஒன்பது படத்தையும் ஒன்பது தரம் போடு, நான் இரிக்கன். முந்தியே சொல்லியிருக்கோணும். பஸ்சில ஏத்தக்குள்ளயே சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டது என்ர பிழை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதச் சொல்ல உங்களுக்குப் பதினேழு வருசம் புடிச்சிரிக்கி" என்றாள். பிறகு, "அப்ப சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன். புள்ளைக்கு வீடு வேணுமே. ஆனா சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"மேடம் தனிய இரிப்பா" என்றாள். அது அவளுக்கு உண்மையான கவலை. எனக்கும் கவலையாகிவிட்டது. அந்த ஏழு தட்டைக் கேட்ட பிறகு அந்தக் கிழவியை எனக்கு முன்பின் தெரியாத ஆளாக நினைக்க முடியவில்லை.

அன்று பின்னேரமே சீதேவி மருமகளோடு கதைத்தாள். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே இரண்டு மணிக்கு, இங்கே நாலரைக்கு, வீடியோவில் வந்து மேடத்தோடு கூட இருந்து படம் பார்ப்பேன், அவ உயிரோடு இருக்கிறவரைக்கும் பார்ப்பேன் என்றாள். மருமகள் முதலில் பின்னுக்கு இழுத்தாளாம். பிறகு கிழவியிடமே கேட்டிருக்கிறாள். கிழவி, படம் எது என்று மட்டும் கேட்டாளாம்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கே தனுஷியா முன்வீட்டிலிருந்து இன்டர்நெட் பெட்டியைத் தூக்கி எங்கள் பக்கத்து யன்னலில் வைத்தாள். சீதேவி புதுச் சேலை உடுத்திருந்தாள். போனைக் கோப்பையில் சாய்த்து வைத்தோம். மணியடித்தது. திரையில் ஒரு வெள்ளைத் தலை வந்தது. முகம் முழுக்கச் சுருக்கம், சொண்டில் சிவப்புப் பூச்சு. "சீதா" என்றாள் கிழவி. சீதேவி போனைக் கையில் எடுத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பக்கமும் அழுகை. நான் கச்சானைத் தின்றுகொண்டு கூரையைப் பார்த்தேன்.

பிறகு கிழவி என்னைக் கண்டாள். கழுத்தை நீட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். சீதேவி குலுங்கிச் சிரித்தாள்.

"என்னவாம்?"

"இதுதான் உன்ர மேளக்காரனா எண்டு கேக்கா."

நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

படத்தைப் போட்டார்கள். அங்கேதான் தொல்லை. கிழவியின் டீவி வேறு, எங்கள் டீவி வேறு. இங்கே சீதேவி 'போடு' என்று சொல்ல, அங்கே மேடத்தைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை முந்திப் போட்டுவிட்டாள். எங்களுக்கு ரயில் வருமுன் கிழவிக்குக் கேற்றுத் திறந்துவிட்டது. நிறுத்தித் திரும்பப் போட்டால் இந்த முறை நாங்கள் முந்தி. மூன்றாம் தரமும் பிசகியது. சேர்ந்து சிரிக்க முடியாவிட்டால் சேர்ந்து பார்ப்பது எதற்கு? கிழவியின் முகம் சுருங்கத் தொடங்கியது. சீதேவிக்கு அந்தரமாகிவிட்டது.

"எல்லாரும் கைய எடுங்க" என்றேன். "தாளம் இல்லாம ஆர் என்னத்தத் தொடங்கினாலும் இப்படித்தான். நான் ஏழு தட்டுறன். எட்டில ரெண்டு பக்கமும் அமத்தோணும். சொல்லு அவவுக்கு."

சீதேவி சொன்னாள். அங்கே அந்தப் பிள்ளை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டாள். இங்கே சீதேவி. நான் போனை மேசையில் நேராக வைத்து, விளிம்பில் விரலை வைத்தேன்.

தக திமி தகிட.

நிறுத்தினேன். போனுக்குள் ஒரு கிழட்டுக் கை உயர்ந்தது. மோதிரம் போட்ட விரல் மரத்தில் விழுந்து டொக் என்று கேட்டது. சரியான இடம். ஒரு மயிரிழை முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

இரண்டு டீவியிலும் ஒன்றாக ரயில் கூவியது. நான் சீதேவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாம இரிங்க" என்று என் தோளைப் பிடித்து அமத்தினாள். "உங்கட ஆள் வாறார்."